தோல்பாவையை லேமினேட் செய்யலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டு அலங்காரம் பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், பாலக்காட்டுப் பக்கத்துப் பழைய தோல்பாவையை ஈரத்துணியால் துடைத்து, லேமினேட் செய்து, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாம் என்று யோசனை சொல்லியிருந்தீர்கள். மூன்றுமே பாவையைக் கெடுக்கும் வேலைகள். படத்துக்குக் கீழே ‘கிருஷ்ணர்’ என்று வேறு போட்டிருந்தது. தோலில் செதுக்கிய பாவையை விளக்கொளியில் திரைநிழலாக ஆட்டி இராமகதை சொல்லும் தோல்பாவைக் கூத்தில் அவருக்கு என்ன வேலையோ!

முதலில் தோலைப் பற்றிச் சொல்லவேண்டும். பாவைத் தோல் செருப்புத் தோலைப் போலப் பதனிட்டதல்ல. ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்த பச்சைத்தோல். முன்பு மான்தோல், இப்போது ஆட்டுத்தோல். இழுத்துக் கட்டிய விறைப்பில்தான் அது தட்டையாக நிற்கிறது. ஈரம் பட்டால் அந்த விறைப்பு தளர்ந்து, காயும்போது ஓரம் சுருளும், சாயமும் கரையும். லேமினேஷன் எந்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டும். பச்சைத்தோலுக்கு அந்தச் சூடு ஆகாது. சுருங்கிவிட்டால், உளியால் போட்ட பொடித்துளைகள் கோணலாகிவிடும். அதன்பிறகு யாராலும் அதை நிமிர்த்த முடியாது.

தேங்காய் எண்ணெய் தடவி மெருகேற்றுவோரும் உண்டு. எண்ணெயில் தூசி ஒட்டித் துளைகள் அடைபடும். துளை அடைந்த பாவையைத் திரைக்குப் பின்னால் பிடித்தால் நகையும் இல்லை, உடைமடிப்பும் இல்லை, வெறும் கறுப்புத்தான் தெரியும்.

ஏற்கெனவே வீட்டில் பாவை இருக்கிறதென்றால், உலர்ந்த மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். விளக்குக் கரியைத் துடைக்கவேண்டாம். கூத்துமாடம் என்னும் 42 அடி நீள ஆட்ட மேடையில் வரிசையாக 21 விளக்கு எரிய, இரவு இரவாக ஆடியதற்கு அந்தக் கரிதான் சாட்சி. கஞ்சி போக அலசி உலர்த்திய கோடித்துணியை மேலும் கீழும் வைத்துப் பெட்டிக்குள் படுக்கையாக வையுங்கள். துணியில் கஞ்சி இருந்தால் பூச்சியை நாமே விருந்துக்கு அழைத்த மாதிரி. நடுவில் கட்டிய மூங்கில் சிம்பைக் கழற்றாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது, ஒரு பாவையின் சிம்பு அடுத்ததன் முகத்தில் அழுந்தாதபடி திசை மாற்றி வைக்கவேண்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். 50 சதவீதத்தை ஒட்டி வைத்தால் நல்லது. சிலிக்கா ஜெல் போடலாம், ஆனால் தோலில் படாமல் சிறு துணிப்பையில் கட்டிப் போடுங்கள். பெட்டியில் பொடிப்பொடியாகத் தோல் துகளும் புழு உரித்த சட்டையும் கிடந்தால், அது தோல் தின்னும் வண்டுப்புழு. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒருநாள் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் தோல்மேலேயே நீர் கோத்துக்கொள்ளும்.

‘நூறு வருஷத்துப் பாவை’ என்று விற்கிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சிம்பை ஒட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள். பல வருஷம் ஆடிய பாவையில் சிம்பின் இரு ஓரமும் கறுத்து, அடியில் மறைந்திருக்கும் தோல் மட்டும் வெளுத்திருக்கும். புகைபோட்டுப் பழசாக்கிய பிறகு சிம்பு கட்டியதென்றால் அடியிலும் ஒரே கறுப்பு. இது ஒன்றே முடிவான சோதனை என்று சொல்லமாட்டோம். சிம்பை மாற்றிக் கட்டுவதும் வழக்கம்தான்.

நிஜமாகவே பழசு என்றால் சிக்கல் இன்னும் பெரிது. மான்தோல் வணிகத்தில் வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். ஏட்டுச்சுவடிக்கு 75 ஆண்டே கணக்கு. கூத்தின் பாடமான ஆடல்பற்றுச் சுவடிகளைப் பாவையோடு இலவச இணைப்பாகத் தள்ளிவிடுகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

எங்கள் வருத்தமெல்லாம் கூத்தில் ஆடவேண்டிய பாவை அலங்காரப் பொருளாவதில்தான். பத்ரகாளி கோயில் முற்றத்தில், மலையாள நாட்டுக்குள், புலவர்கள் எனப்படும் பாவையாட்டக் கலைஞர்கள் இன்றும் கம்பன் பாட்டைத் தமிழிலேயே சொல்லி ஆடுகிறார்கள். முழுக்கூத்துக்கு ஏறக்குறைய 160 பாவை வேண்டும். ஒரே பாத்திரத்துக்கு உட்கார்ந்தது, நடப்பது, போர் புரிவது என்று தனித்தனிப் பாவை உண்டு. அதில் போர் புரியும் இந்திரஜித்தை மட்டும் யாரோ வரவேற்பறைக்கு வாங்கிப் போய்விட்டால், அந்த இரவுக்கு வேறொன்றைச் செதுக்கித்தான் ஆகவேண்டும்.

சுவருக்குத்தான் வேண்டுமென்றால் ஷொர்ணூர் அருகே கூனத்தறையில் ஆட்டுத்தோலில் புதிதாகவே செதுக்கித் தருகிறார்கள். அதற்கும் லேமினேஷன் வேண்டாம். கண்ணாடி தோலில் ஒட்டாதபடி நடுவே அரை அங்குலம் இடைவெளி விட்டுச் சட்டம் போடுங்கள். வெயில் விழாத சுவராகப் பாருங்கள். அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தத் திருத்தத்தை, படக்குறிப்பையும் சேர்த்து, வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டார வாசகர்கள்
பாலக்காடு மாவட்டம்