கீழ் வீட்டுத் தம்பிக்கும் நம் தெருவுக்கும்

அன்புள்ள தெருக்காரர்களுக்கு,

வெள்ளத் தண்ணீர் வடிந்து ஒன்பது நாளாகிவிட்டது. சுவரில் கோடு மட்டும் மிச்சம். டிசம்பர் 4-ஆம் தேதி விடியலில் கரண்ட் போனதிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், பள்ளிக்கரணையில் யார் வீட்டுக்குத்தான் தெரியாது? அதை நான் மறுபடி எழுதப் போவதில்லை. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது. மறப்பதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

லாரி ட்யூபின் மேல் பலகை கட்டி ஜெனரேட்டரை மிதக்கவிட்டுக் கொண்டுவந்த மைக் செட் அண்ணனுக்கும், அதை மொட்டைமாடி வரை தூக்கிய பையன்களுக்கும், பெட்ரோல் கேனோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்களுக்கும், முனை வீட்டு நர்ஸ் அக்காவுக்கும், பால் பாக்கெட்டை யார் வைத்தது என்று கடைசிவரை சொல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களுக்கும் கோடி நன்றி. படகில் வந்த தம்பிகள் படுக்கையில் இருக்கும் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அரைமணி நேரம் மன்றாடினார்கள். மூச்சு இயந்திரம், வயிற்றுக் குழாய் எல்லாவற்றோடும் எப்படி என்று நான்தான் மறுத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்தது.

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரியும், அது என்ன செய்யும் என்று பலருக்குத் தெரியாது. மூன்று வருடம் முன்பு எங்களுக்கும் தெரியாது. இவர் பஸ் கண்டக்டர். முதலில் டிக்கெட் கிழிக்கக் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. சில்லறை கை நழுவி விழுந்தது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எட்டு மாதம் ஓடியது. அப்புறம்தான் தசைகளில் ஊசி குத்தி மின்சாரம் பார்க்கும் சோதனையில் பெயர் தெரிந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைக்கு ஆணை கொண்டுபோகும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஆணை வராத தசை இளைத்துப் போகிறது. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. 2014-இல் எல்லோரும் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டார்களே, அது இந்த நோய்க்காகத்தான். டிப்போவில் அந்த வீடியோக்களைப் பார்த்து இவரும் சிரித்தவர்தான்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு வகை இருக்கிறதாம், மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1970-இல் இங்கிருந்த டாக்டர்களே எழுதி உலகத்துக்குச் சொன்னது. சின்ன வயதிலேயே வரும், காதும் மந்தமாகும், ஆனால் மெதுவாகத்தான் போகும், பல வருடம் வாழலாம். இவருக்கு வந்தது அது இல்லை. அதுவாகவாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நோய்க்கு ஆசைப்பட்டவள் நான். ஸ்டீபன் ஹாக்கிங் 21 வயதில் நோய் வந்தும் 76 வயதுவரை இருந்தாரே என்று ஆறுதல் சொல்கிறீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அப்படி இருப்பவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து வருடம். ரிலுசோல் மாத்திரை சில மாதங்களைக் கூட்டித் தரும், அவ்வளவுதான். எங்களுக்கு இது நான்காவது வருடம்.

இந்த நோய் பெரும்பாலும் தொடாமல் விடுபவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று கண்ணின் அசைவு, அதைப் பெரும்பாலும் கடைசிவரை விட்டுவைக்கும். இன்னொன்று தொடு உணர்ச்சி. விரலை அசைக்க முடியாதே தவிர அந்த விரலில் எறும்பு ஊர்ந்தால் தெரியும். அரித்தால் அரிக்கும். இதை நானே பல நாள் யோசித்துப் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த நான்கு ராத்திரியும் கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இன்வெர்ட்டரில் இருந்த சொட்டு சார்ஜும் மூச்சு இயந்திரத்துக்கு. ஃபேன் கிடையாது. கொசுவர்த்திப் புகை இவருக்கு ஆகாது. வலை கட்டினேன். கால்மணிக்கு ஒருதரம் எச்சில் எடுக்கக் கையை விட்டுவிட்டு எடுத்ததில் வலைக்குள்ளேதான் கொசு குடியிருந்தது.

தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியதும் கீழ் வீட்டு அம்மா அடுப்பையும் மகனின் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏழாவது படிக்கிற பையன். எங்கள் சுற்றுச்சுவரில் பந்து அடிக்கிறவன். ஜூலையில் ஒரு மத்தியானம், "நோயாளி தூங்குற வீடுன்னு தெரியாதா" என்று நான் கத்தியதிலிருந்து அந்தப் பிள்ளை என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவான். நானும் பேசவில்லை. அவன் அம்மாவும்தான்.

முதல் ராத்திரி இரண்டு மணி இருக்கும். அசதியில் கண் அயர்ந்துவிட்டேன். முழித்துப் பார்த்தால் கட்டிலின் தலைமாட்டில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறான். குனிந்து இவர் கண்ணைப் பார்த்துக் கேட்கிறான்: "அங்கிள், எங்க கடிக்குது? நெத்தியா? காதா? இடது காதா?" இவர் கண்ணை மேலே தூக்கினார். எங்கள் வீட்டில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் செய்வதைப் பார்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறான். காது மடலை மெதுவாகச் சொறிந்துவிட்டு, "போதுமா? இன்னும் கொஞ்சம் கீழயா?"

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

பெரியவர்கள் பலர் இவரைப் பார்க்க வந்தால் சத்தமாகப் பேசுவார்கள், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல. இல்லையென்றால் இவர் முன்னாலேயே "புரியுதாம்மா அவருக்கு?" என்று என்னைக் கேட்பார்கள். இவருக்கு எல்லாம் புரியும். இவன் ஒருவன்தான் சாதாரணக் குரலில் நேராக இவரிடம் கேட்டான். மறுநாள் பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் ஒரு மனித உருவம் வரைந்து, நெற்றி 1, மூக்கு 2 என்று 14 வரை நம்பர் போட்டுவிட்டான். நம்பரைச் சொல்லிக்கொண்டே போனால் கடிக்கிற இடத்தில் கண் மேலே போகும். இரண்டாம் ராத்திரி இவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த நோயில் சம்பந்தமில்லாமல் சிரிப்பும் அழுகையும் பொங்கும். வீட்டுச் சாமான் மிதக்கும்போது சிரிக்கிறாரே என்று அன்று யாராவது வருத்தப்பட்டிருந்தால் மன்னியுங்கள். ஆனால் அந்த ராத்திரிச் சிரிப்பு அப்படிப்பட்டது இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும்.

நான்கு ராத்திரியும் அவனும் அவன் அம்மாவும் நானும் முறை வைத்து விசிறினோம். ஜூலைச் சண்டையைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்: அன்று நான் கத்தியது தப்பு.

அந்த அட்டையின் பின்பக்கம் இப்போது எழுத்து வரிசை போட்டிருக்கிறோம். முதலில் மெய், அப்புறம் அதற்குரிய உயிர். ஒரு வார்த்தைக்கு ஐந்து நிமிடம் ஆகும். இந்த மடலில் நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நேற்று இவரிடம் கேட்டேன். ப-வில் கண் மேலே போனது. பிறகு ந். பிறகு து.

பந்தா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பந்துக்கு என்ன? "சத்தம்" என்று எழுத்து எழுத்தாக வந்தது. "காணோம்."

தம்பி, உன் பந்து வெள்ளத்தோடு போய்விட்டது என்று அம்மா சொன்னார். புதுசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் மேலே வந்து வாங்கிக்கொள். மத்தியானமே வா, அங்கிள் முழித்துத்தான் இருப்பார்.