பையைக் கொட்டிய அதே மேசைக்கு முன்னால் சொல்லுங்கள்

நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். கல்லாக் கணக்கில் பணம் குறைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தார்கள். கூட வேலை செய்யும் பதினோரு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாவிக்கொத்து, மாத்திரை அட்டை, நாப்கின் எல்லாம் மேசையில் கிடந்தன. நாப்கினையாவது மூடிவைக்கலாம் என்று கையை நீட்டினேன். "எதையும் தொடாதீங்க" என்றார் மேலாளர். அப்புறம் தனி அறை, ஒரு வெள்ளைத்தாள். எடுத்ததாக எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போகமாட்டோம் என்றார்கள். நான் எழுதவில்லை.

மூன்றாம் நாள், ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகியிருந்தது தெரிந்தது. மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "சரி, கணக்கு நேராகிடுச்சு, போய் வேலையைப் பாருங்க" என்றார். அந்தப் பதினோரு பேரிடம் இன்றுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. யாருடைய பேனா காணாமல் போனாலும் இப்போது என்னைத்தான் பார்க்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். குற்றம் சாட்டுவதானால் எழுத்தில் சாட்டுங்கள். பொய் என்று தெரிந்தால் எழுத்திலேயே திரும்பப் பெறுங்கள், அதே ஆட்களுக்கு முன்னால்.

வழக்குப் போடலாமே என்பீர்கள். அவதூறுக்குப் போடலாம். வேலை போயிருந்தால் அதற்கும் போடலாம். ஆனால் வக்கீல் முதலில் கேட்டது, "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்றுதான். எதுவுமே இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. கேமராப் பதிவும் சில வாரங்களில் தானாக அழிந்துவிட்டது. அன்று நீங்கள் தாள் எடுத்தது என் வாக்குமூலத்துக்கு மட்டும்தான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை 1982இல் வந்தது. நடத்தையைக் காரணம் காட்டி ஒருவரை நீக்குமுன் அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். பதில் சொல்ல விடுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டுமா?

கணினி காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையையும் விடுங்கள். பிரிட்டன் அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பொய்யான பணக் குறைவை நம்பி 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் வந்தது 2024இல். அதைப் பார்க்காமலே இறந்தவர்களும் உண்டு.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து உங்கள் விசாரணை விதியில் இரண்டு வரி சேருங்கள்: குற்றச்சாட்டு எழுத்தில், விலக்கிக்கொள்வதும் எழுத்தில். எனக்கு வர வேண்டிய கடிதத்தை அந்தப் பதினோரு பேரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பைக்குச் சொந்தக்காரி