கழுகுக் குஞ்சும் கயிற்று நுனியும்

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ இங்கிலாந்தின் லீட்சிலிருந்து அனுப்பிய ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி புதன்கிழமை வந்து சேர்ந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியதாக எழுதியிருந்தாய். முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால் கூட்டல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அதைக்கூட நான் அழிக்கவில்லை. வேலையிலிருந்து நின்ற மனுசன் கோவில் குளம் என்று போகாமல் இங்கிலீஷ் வார்த்தைக்குக் குலங்கோத்திரம் விசாரித்துக்கொண்டிருக்கிறான் என்று, வீட்டுக்கு ஒரம்பரை வரும்போதெல்லாம் உன் அம்மா சொல்லிச் சிரிக்கிறாள். இந்தப் பழக்கம் எப்போது பிடித்தது என்று நீயும் போனில் கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற கதையல்ல.

1997இல் நான் பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பி வைத்த ஒரு சட்டைக்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவரிடமிருந்து பேக்ஸ் வந்தது. கழுத்து நாடாவின் இரண்டு முனையிலும் உலோகத்தில் 'ஆக்லெட்' வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பேக்ஸ் தாளில் முதலெழுத்து மங்கிக் கிடந்தது. எனக்குத் தெரிந்த சொல் 'ஈக்லெட்'. அதாவது கழுகுக் குஞ்சு. நாடாவில் கழுகுக் குஞ்சைத் தொங்கவிடுவது வெள்ளைக்காரர் ரசனையாக இருக்கும் என்று முடிவு செய்து, வார்ப்பு வேலை செய்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, இறகு விரித்த சின்னஞ்சிறு கழுகுகளைப் பித்தளையில் செய்து வாங்கி, நாடா முனையில் கட்டி அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து வந்த பதிலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: பறவை எதற்கு?

ஆக்லெட் என்பது வேறொன்றுமில்லை, ஷூ லேசின் நுனியில் இறுக்கமாக ஒரு குப்பி இருக்குமே, அதுதான். அதற்கு இங்கிலீஷில் தனியாகப் பெயர் உண்டென்று எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. 'டிப்பு' என்றே எல்லோரும் சொல்லிவந்தோம். அன்று மாலை பெரிய அகராதி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். பிரெஞ்சில் ஊசிக்கு 'எக்வீ' என்று பெயராம். அதிலிருந்து சிற்றூசி என்ற பொருளில் வந்த சொல் இங்கிலீஷில் தேய்ந்து ஆக்லெட் ஆகியிருக்கிறது. படித்ததும் செக்கிங் பிரிவுப் பெண்கள் நாடா கோர்ப்பது என் கண்ணில் வந்து நின்றது. பிரிந்த நாடா ஓட்டைக்குள் நுழையாது என்பதால், நைலானாக இருந்தால் மெழுகுவத்தித் தீயில் நுனியைக் காட்டி விரலால் உருட்டுவார்கள். பருத்தியாக இருந்தால் நாக்கில் ஈரப்படுத்தி முறுக்கி, ஊக்கில் மாட்டி உள்ளே தள்ளுவார்கள். அவர்கள் நாள் முழுவதும் செய்துகொண்டிருந்தது நாடாவை ஊசியாக்குகிற வேலைதான். அந்தச் சொல்லுக்குள் இருந்ததும் அதே வேலைதான். அன்று பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கழுகுக் குஞ்சின் பெயரில் கடைசியில் வருகிற வாலும் 'சிறிய' என்ற பொருளைத் தருவதே. ஆக, என் தப்பில் பாதி சரிதான் என்று சொல்லி முதலாளியிடம் நின்றேன். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அதன் பிறகு கையில் படுகிற பொருளுக்கெல்லாம் சொல்லைத் தேட ஆரம்பித்தேன். தினமும் கட்டிங் டேபிளில் விரித்த துணி சிங்கிள் ஜெர்சி. உன் அப்பாரு (தாத்தா) தோட்டத்துக் கட்டுத்தரையில் கட்டியிருந்தது ஜெர்சி மாடு. இரண்டையும் பல வருடம் ஒரே நாளில் தொட்டிருக்கிறேன், இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிரான்சுக் கரைக்குப் பக்கத்தில் ஜெர்சி என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. சில நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே கம்பளிப் பின்னல்தான் பெரிய தொழில் என்பதால் பின்னல் துணிக்கே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அதே தீவுக்காரர்கள் 1789இல் சட்டம் போட்டு, வெளிமாடு எதையும் உள்ளே விடாமல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தங்கள் மாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நாமோ காங்கேயம் காளையை விற்றுவிட்டு அவர்கள் மாட்டை வாங்கிக் கட்டினோம். அப்பாருவைக் குறை சொல்லவில்லை, பால் காசு வேண்டியிருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

என்னை அதிகம் திகைக்க வைத்தது, நான் முப்பத்திரண்டு வருடம் எந்தச் சொல்லால் சோறு தின்றேனோ அந்தச் சொல். குஜராத்தியில் வணிகரைக் குறிக்கிற 'வாணியோ' என்பதைப் போர்ச்சுக்கீசியர் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்ற, அவர்களிடமிருந்து இங்கிலீஷ்காரர் பெற்றதுதான் 'பனியன்'; நம் வணிகனுக்கும் அது உறவுக்காரன். பாரசீக வளைகுடாவில் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தின் அருகே அந்த வணிகர்கள் கூடிக் கோவில் வைத்திருந்த ஆலமரத்தை ஐரோப்பியப் பயணிகள் பனியன்களின் மரம் என்று அழைத்தார்கள். பிறகு இங்கிலீஷில் ஆலமரம் எல்லாமே 'பேன்யன்' ஆகிவிட்டது. அவர்கள் உடுத்திய தொளதொளப்பான மேலங்கிக்கும் அதே பெயர் போய், அந்த அங்கி சுருங்கிச் சுருங்கி நம் ஊர்க் கைவைத்த பனியனில் வந்து நிற்கிறது. பேருந்து நிறுத்தத்து ஆலமரத்தடியில் பனியன் மூட்டையோடு யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. ஏன் என்று கேட்டால் விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆகும் என்பதால் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

இப்போது இந்தக் கடிதத்தின் முக்கியமான காரியத்துக்கு வருகிறேன், கண்ணு. ஆறாம் வகுப்பில் நீ பேச்சுப் போட்டிக்குப் போனபோது, 'நியூஸ்' என்ற சொல்லின் நான்கு எழுத்தும் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு திசைகளைக் குறிக்கின்றன என்று நான்தான் உனக்கு எழுதிக் கொடுத்தேன். நீயும் கையை நான்கு பக்கமும் காட்டிப் பேசி, கோப்பையோடு வந்தாய். அது பொய். புதியது என்ற சொல்லின் பன்மையாகப் புதியவை என்ற பொருளில் நின்றதே நியூஸ். திசைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய நூல்கள் பலவற்றில் அதை ஐந்து எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது திசைக்கு நான் எங்கே போவது? கழுகில் சூடுபட்ட பிறகும் யாரோ சொன்னதை நம்பி உன் வாயில் போட்டேன். சென்ற வாரம் பாப்பா போனில் அதே திசைக் கதையை எனக்கே திருப்பிச் சொன்னதும் எனக்குத் துக்கமாகிவிட்டது. அவளிடம் நீயே திருத்திச் சொல்லிவிடு. தாத்தா தப்பாகச் சொன்னார் என்றே சொல்.

நம் ஆட்களிடமும் இந்தக் குறை உண்டு. இங்கிலீஷில் பாதி தமிழ்தான் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் நம்மிடமிருந்தே அங்கே போனவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கயிறும் கொப்பரையும் மலையாளக் கரையில் கப்பல் ஏறிய சொற்கள்; பொள்ளாச்சிக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் அதை மாற்ற முடியாது. ஓசை ஒத்துப்போகிற சொல்லையெல்லாம் வாரிப் போட்டால் உண்மையானவையும் சேர்ந்து கெட்டுப்போகும்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நீ இருக்கும் ஊருக்குத் தென்மேற்கே பேட்லி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழிந்த கம்பளித் துணியை இயந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூல் நூற்ற ஊர் அது. அந்தக் கலப்புச் சரக்கின் பெயர்தான் 'ஷாடி'. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்தத் துணியில் தைத்த சீருடைகள் சிப்பாய்கள் உடம்பிலேயே பிய்ந்து விழுந்ததால், அதன் பிறகு மட்டமான எதற்கும் ஷாடி என்ற வசவு நிலைத்துவிட்டது. நம் ஊர்க் கட்டிங் வேஸ்ட்டை எடைக்கு வாங்கி ஓ.இ. என்கிற ஓப்பன் எண்ட் நூல் மில்லில் நூலாக்குகிறார்களே, அதுவும் அதே வேலைதான். இன்றைக்கு அதற்கு மறுசுழற்சி என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தால் பையர் மகிழ்ச்சியோடு வாங்குகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அங்கே போய், பழைய மில் கட்டடம் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா நாளை பார்சல் கட்டுகிறாள். கொள்ளு, நாட்டுச் சர்க்கரை, பாப்பாவுக்கு முறுக்கு எல்லாம் வைத்திருக்கிறாள். முறுக்கு டப்பாவின் அடியில் காகிதத்தில் சுற்றி ஒரு பித்தளைக் கழுகு இருக்கும். அன்று திரும்பி வந்தவற்றில் ஒன்றை மட்டும் உன் கோப்பைக்குள் போட்டு வைத்திருந்தேன். பாப்பாவின் ஷூ லேசில் எங்காவது கட்டிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா