மூன்றாம் நாளுக்கும் சேர்த்து மூட்டை கட்டு

ராயபுரம்
மே 17

அன்பு மச்சான்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எட்டுப் பக்கம், அதுவும் கையெழுத்தில். நான் இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாவது தடவை உன் தங்கச்சிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். உன் மகள் பாப்பா தன் முதல் சம்பளத்தில், அங்கே இங்கிலாந்தில் நடக்கிற வோமாட் இசைத் திருவிழாவுக்கு உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறாள் என்ற இடம் வந்ததும் உன் தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

இங்கே கத்திரி வெயில் கொளுத்துகிறது. காலை ஒன்பது மணிக்கே மொட்டை மாடியில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அக்கா வீட்டுக்காரர் வலையைச் சரிபார்த்துக்கொண்டு கரையிலேயே இருக்கிறார். நீ கேட்டிருந்ததையெல்லாம் அவரிடமும் கொண்டுபோய்க் கேட்டேன். ஆகவே இது இரண்டு பேர் யோசித்து எழுதுகிற பதில்.

ஐம்பத்தாறு வயதில் நாலு நாள் கூடாரத்தில் படுத்து எழுந்து பாட்டுக் கேட்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். ஆடி மாதக் கோயில் விழாவுக்கு மைக் செட் போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்திலேயே கோணி விரித்துப் படுத்தவர்கள் நாம். உன் திருவிழாவும் ஜூலைக் கடைசியில்தானே, வியாழனிலிருந்து ஞாயிறு வரை? அது நம் ஆடி மாதம்தான். நீ வில்ட்ஷயரில் கூடாரம் அடிக்கிற அதே வாரம் இங்கே தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அந்த விழா நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பார். முதல் நாள் கம்பத்தில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவோம், சாப்பாடுகூடத் தோன்றாது. இரண்டாம் நாள் குரல் கம்மும், கண் எரியும், சமாளித்துவிடுவோம். மூன்றாம் நாள் ராத்திரிதான் பெரிய நாதஸ்வரக் கச்சேரி. ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணிக் கட்டுப்பாடு 2000-இல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் விடிய விடிய வாசிப்பார்கள். ஒரு வருடம் அந்த நாதஸ்வரக்காரர் தோடி ராகம் வாசித்தாராம். மூன்று மணி நேரம் கூட்டம் கலையவில்லையாம். ஊரே ஒரு மாதம் அதைப் பேசியது. அவருக்கு மைக் வைத்துக் கொடுத்த நாம் இரண்டு பேர்தான் கேட்கவில்லை, ஜெனரேட்டர் ஓரத்தில் கட்டை மாதிரி தூங்கிப்போனோம். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அந்த வருத்தம் போகவில்லை மச்சான்.

அதனால்தான் சொல்கிறேன். மூட்டை கட்டும்போது முதல் நாளை நினைத்துக் கட்டாதே. முதல் நாளைச் சந்தோஷமே தூக்கிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இது மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு உதவுமா என்று கேட்டுப் பையில் போடு.

முதலில் கால். நான் நாலு தடவை வேளாங்கண்ணிக்கு நடந்திருக்கிறேன். மரக்காணம் நெருங்கும்போது மூன்றாம் நாள் ஆகிவிடும். பாதியில் பஸ் ஏறித் திரும்புகிறவர்களில் நிறையப் பேர் அங்கேதான் ஏறுவார்கள், எல்லாருக்கும் பாதத்தில் கொப்புளம். புதுச் செருப்போடு கிளம்பியவனும், ஈரக் காலோடு நடந்தவனும்தான் மாட்டிக்கொள்வார்கள். உனக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. போடப்போகிற ஷூவை இப்போதே வாங்கி, தினம் ஒரு மணி நேரம் அதோடு நட. மழை பெய்தால் சேறாகிவிடும் என்று பாப்பா கம்பூட் வாங்கச் சொன்னாளே, வாங்கு. ஆனால் சாக்ஸ் பூட்டைவிட உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அதன் விளிம்பு கெண்டைக்காலை அறுத்துவிடும். கால்விரல் இடுக்கில் வாசலைன் தடவிக்கொள். தூங்குவதற்கு மட்டும் என்று ஒரு ஜோடிக் கம்பளிச் சாக்ஸைத் தனியாக வை. எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடாதே.

இந்தக் கடைசி விஷயம் அக்கா வீட்டுக்காரர் சொன்னது. படகில் ஆளுக்கு ஒரு செட் துணியை பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, அலை அடிக்காத மூலையில் சொருகிவிடுவார்களாம். கரைக்குத் திரும்புகிற அன்றுதான் பிரிப்பார்களாம். உலர்ந்த துணி ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே பாதிக் குளிரைப் போக்கும் என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார், நான் யோசிக்காதது. ஐஸ் அறைக்கு மேலே இருக்கிற பலகையில் படுக்கிறவர்களாயிற்றே, குளிர் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்துதான் அதிகம் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு நல்ல தூக்கப்பை வாங்கினாலும், உன் முதுகு அழுத்துகிற இடத்தில் அதன் பஞ்சு நசுங்கிப் பயனில்லாமல் போய்விடும். அடியில் தடிமனான பாய் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த ஊர் ஜூலையில்கூட ராத்திரி பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்குகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நமக்கு மார்கழி விடியற்காலையில்கூட இருபதுக்குக் கீழே அதிகம் இறங்காது. இத்தனை வருடம் அங்கே இருந்திருக்கிறாய், சரி. ஆனால் ஹீட்டர் போட்ட வீட்டில் இருந்ததும் புல்தரையில் படுப்பதும் ஒன்றில்லை.

கூடாரத்தை ஒரு தடவை வீட்டுத் தோட்டத்தில், பொழுது சாயும் நேரத்தில் அடித்துப் பழகிக்கொள். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருமாம், வாசலை அதற்கு எதிர்ப்பக்கம் வை. பள்ளத்தில் அடிக்காதே. தண்ணீர் எங்கே வந்து தேங்கும் என்று வியாசர்பாடிச் சுரங்கப்பாதைப் பக்கம் வளர்ந்த உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்புறம், குளிர்கிறது என்று அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அணைந்துபோன மாதிரி தெரிகிற கரியிலிருந்துகூடக் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதைப் பாப்பாவிடமும் சொல்லிவை.

இனிமேல் எழுதப்போவதை நிதானமாகப் படி. உனக்கு இதுவரை சொல்லவில்லை. எனக்கு வலது காதில் ஆறு வருடமாக ஓயாமல் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல். ராத்திரி வீடு அடங்கினால் அது மட்டும்தான் கேட்கும். கொல்லையில் சில்வண்டு கத்துகிறது என்று உன் தங்கச்சி சொல்வாள், எனக்குக் கேட்பதில்லை. கச்சேரியில் தாளக்காரர் கை அசைவதைப் பார்க்கிறேன், ஜால்ராவின் அந்தக் கூர்மையான 'ணிங்' வருவதில்லை. டாக்டர் படம் போட்டு விளக்கினார். உள்காதில் மெல்லிய மயிர் மாதிரி அணுக்கள் இருக்கின்றன, பெரிய சத்தத்தில் அவை செத்துவிட்டால் மறுபடி முளைக்காது. முப்பது வருடம் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்தில் நின்றதற்கு வந்த பலன். தெரிந்திருந்தால் இரண்டடி தள்ளி நின்றிருப்பேன், பஞ்சாவது வைத்திருப்பேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. 100-க்கு வரும்போது கால் மணி நேரம்தான். பெரிய மேடைக்கு முன்னால் 100 சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிகழ்ச்சி இடங்களுக்கு ஒரு வரையறை சொன்னது, கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று. வரையறையே அதுதான் என்றால் நாலு நாள் நிற்கிற காது என்ன ஆகும்?

காதடைப்பான் இரண்டு வகை வாங்கு. மஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரி இருப்பது தூங்குவதற்கு. அது மேல் சுரங்களை அதிகமாக விழுங்கிவிடும், அதைப் போட்டுக்கொண்டு கேட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். இசைக்கலைஞர்கள் போடுகிற வகை வேறு. எல்லாச் சுரங்களையும் கிட்டத்தட்ட ஒரே அளவாகக் குறைக்கும், இசை இசையாகவே கேட்கும். கொஞ்சம் விலை கூடத்தான், பாப்பாவுக்கும் சேர்த்து வாங்கு. பஞ்சு வகையைச் சும்மா திணித்தால் வேலை செய்யாது. ஊசி மாதிரி உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே பழகிவிடு.

எங்கே நிற்பது என்று கேட்டாய். மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்துக்கு நடுவில், ஒலியைச் சரிசெய்கிற மிக்சர் கருவி வைத்த கூடாரம் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் நில். சத்தத்தைச் சரிசெய்கிறவர் தன் காதை வைத்துத்தானே சரிசெய்கிறார், அவர் காதுக்கு நன்றாக இருக்கிற இடம் உனக்கும் நன்றாக இருக்கும். பின்னால் தனித்தனிக் கம்பங்களில் ஸ்பீக்கர் தொங்குகிறதா என்று எனக்காகப் பார். காற்றில் சத்தம் ஒரு வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும், ஒயரில் போவது உடனே போய்விடும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளியிருக்கிற கம்பத்தில் அப்படியே விட்டால், ஒரே அடி இரண்டு தடவை கேட்கும். அதனால் அந்தக் கம்பத்துச் சத்தத்தை வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தாமதப்படுத்தி விடுவார்கள். நான் படித்திருக்கிறேனே தவிர, இத்தனை பெரிய மைதானத்தில் நின்று கேட்டதில்லை. ராத்திரியில் தரை குளிர்ந்துவிட்டால் சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும், தூரத்துக்கும் கேட்கும். எங்கோ கடலில் ஓடுகிற இன்ஜின் நடு ராத்திரியில் நம் வீட்டுக்குள் ஓடுகிற மாதிரி கேட்குமே, அதுதான். ஆகவே கூடாரம் மேடையிலிருந்து எட்டத்தில் இருந்தாலும் தூங்கும்போது காதை அடைத்துக்கொள்.

நீ போகிற விழாவின் கதையைத் தேடிப் படித்தேன். 1982-இல் ஷெப்டன் மாலட் என்ற ஊரில் முதல் விழா. இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியேலும் நண்பர்களும் உலகத்து இசையெல்லாம் ஒரே இடத்தில் ஒலிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, பெரிய நஷ்டத்தில் முடிந்தது. கடன்காரர்கள் அவரைத்தான் நெருக்கினார்கள். அவர் ஏழு வருடம் முன்பு விட்டுப்போன ஜெனிசிஸ் இசைக்குழுவின் பழைய நண்பர்கள், அந்தக் கடனை அடைக்க அவரோடு மறுபடி ஒரே மேடையில் ஏறினார்கள். பாக்கி வராமல் வட்டிக்கு வாங்கி ஒயர் வாங்கின எனக்கு இது நெஞ்சில் தைத்தது. நீயும் ஒரு தடவை உன் சைக்கிளை விற்று எனக்கு ஆம்ப்ளிஃபயர் மீட்டுக் கொடுத்தாய். நான் மறக்கவில்லை. 1985-இல் இதே விழாவில்தான் பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் ராத்திரியில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டுப் பாடினார், மெர்சி தீவில். அந்த மாதிரி பாட்டு நீ போகிற வருடமும் ஏதோ ஒரு சின்ன மேடையில் இருக்கும். பெயர் தெரியாத நாட்டுக்காரர் வாசித்தால் ஐந்து நிமிடமாவது உட்கார். பாட வருகிறவர்களே தங்கள் ஊர்ச் சமையலைச் செய்து காட்டி, பேசி, பாடுகிற பகுதியும் அங்கே உண்டாம். எனக்கு அதைத்தான் பார்க்க ஆசை.

சாப்பாடு அங்கேயே கிடைக்கும், அதிகம் சுமக்காதே. பகலில் தண்ணீர் குடிக்க மறக்காதே, கழிவறை வரிசைக்குப் பயந்து பலர் குடிக்காமலே இருந்து மயங்கி விழுவார்கள்.

பாப்பாவைப் பற்றி ஒன்று. மூன்றாம் நாள் யாருக்கும் முகம் சுருங்கும். வேளாங்கண்ணிப் பாதையில் கூடப்பிறந்தவர்களே பேசாமல் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவள் போகிற எல்லா மேடைக்கும் நீ கூடவே போகாதே, அவளும் உனக்காகத் தேங்கி நிற்க வேண்டாம். முதல் நாளே ஒரு இடம், ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் செல்போனில் லைன் கிடைக்காது, சார்ஜும் நிற்காது. திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் தொலைந்தால் தேரடியில் சந்திப்போமே, அது மாதிரி உங்களுக்கும் ஒரு தேரடி வேண்டும். இப்போது அங்கே மெட்ரோ நிலையத்துக்கே தேரடி என்றுதான் பெயர். நீ வரும்போது அதிலேயே கூட்டிப்போகிறேன்.

எதிர்வீட்டுப் பையன் ஜூன் கடைசியில் லண்டன் வருகிறான். எம்.சி. ரோட்டில் இரண்டு லுங்கி எடுத்து அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். துவட்ட, உடை மாற்ற, போர்த்த, எல்லாவற்றுக்கும் ஆகும், சீக்கிரம் உலரும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு ராத்திரி ஒன்பதரை என்றால் எனக்கு விடியற்காலை இரண்டு. விழித்துத்தான் இருப்பேன். ஆனால் போன் செய்து மேடைப் பக்கம் தூக்கிப் பிடிக்காதே. போனில் வருவது எனக்குப் போதாது, உனக்கும் கேட்பது கெட்டுப்போகும். முழுசாகக் கேட்டுவிட்டு வா. கடைசி ராத்திரி யார் பாடினார்கள், கூட்டம் எப்படி நின்றது, மிக்சரில் இருந்தவர் என்ன செய்தார் என்று கையால் எழுது.

லுங்கியோடு இட்லிப் பொடியும் வரும். பாப்பாவுக்குப் பூண்டு போட்டது பிடிக்குமா, போடாததா என்று உன் தங்கச்சி கேட்கிறாள். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

உன்
பழைய கூட்டாளி