2 மீட்டர் எஃகுச் சுவர் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வரும் விண்கப்பல் தொடர்கதையின் சென்ற அத்தியாயத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போகிற கப்பல். 200 மீட்டர் அகலம். முகப்பில் 2 மீட்டர் தடிமனுக்கு எஃகுச் சுவர், அதற்கும் முன்னால் ஒரு மின்காந்தத் திரை. கோலிக்குண்டு அளவுக் கல் ஒன்று வந்து மோதுகிறது. 'டங்' என்று சத்தம் கேட்கிறது, கேப்டன் கையிலிருந்த காபியைக் கீழே வைக்காமலே சிரிக்கிறார். கதை விறுவிறுப்பாகத்தான் போகிறது. கவசத்தை மட்டும் கதாசிரியர் கோட்டை மதில் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டார்.

அந்த வேகம் நொடிக்கு 30,000 கி.மீ. அதில் வரும் 1 கிராம் கல்லின் இயக்க ஆற்றல் 100 டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றலைத் தாண்டும். கோலிக்குண்டு அளவுக் கருங்கல் 5 கிராம் இருக்கும். ஆக 500 டன்னுக்கு மேல், அதுவும் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குள். 'டங்' சத்தத்தைக் கேட்க அங்கே யாரும் மிஞ்சமாட்டார்கள். சுவரின் எடையையும் அவர் போட்டுப் பார்க்கவில்லை. 200 மீட்டர் விட்டம், 2 மீட்டர் தடிமன் என்றால் ஏறக்குறைய 4 லட்சத்து 90 ஆயிரம் டன் எஃகு. இந்தச் சுவரை மட்டும் அந்த வேகத்துக்குக் கொண்டுபோக, உலகம் முழுவதும் ஓராண்டில் செலவழிக்கும் ஆற்றலைப்போல 300 மடங்குக்கு மேல் வேண்டும். விட்டத்தை 20 மீட்டராகக் குறைத்து, கப்பலைப் பென்சில் மாதிரி நீட்டிவிட்டால் முகப்பின் பரப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். வந்து மோதும் கற்களும் நூறில் ஒரு பங்குதான்.

சரி, கோலிக்குண்டை விடுவோம். 1 மில்லிகிராம் மணல் துகள் மோதினால்? அதுவே 100 கிலோ டி.என்.டி.க்குச் சமம். 2 மீட்டர் எஃகில் துளை விழாமல் முன்பக்கம் குழி மட்டும் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து சுவரின் பின்பக்கத்திலிருந்து வரும். இதை எங்கள் பர்கூர், ஜெகதேவி வட்டாரத்தில் குவாரி வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜல்லிக்கு உடைக்கும் குவாரியில் பாறையின் திறந்த பக்கத்திலிருந்து சற்றுத் தள்ளிக் குழி போட்டு வெடி வைப்பார்கள். வெடியின் அதிர்ச்சி அலை பாறையை அமுக்கிக்கொண்டே போய்த் திறந்த பக்கத்தைத் தொட்டதும், இழுவிசையாக மாறித் திரும்புகிறது. கருங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. அதனால் வெடியிலிருந்து தூரத்தில் இருக்கும் அந்த முகம்தான் பெயர்ந்து விழுகிறது. எஃகுச் சுவருக்கும் இதே கதிதான். கல் வெளியே மோத, உள்பக்கம் சில்லு சில்லாகப் பெயர்ந்து கூடத்துக்குள் தெறிக்கும். பெயராத இடத்திலும் உள்விரிசல் நிற்கும். கிரானைட் பிளாக் எடுக்கும் இடங்களில் வெடியை ஒதுக்கிவிட்டு வைரக் கம்பி ரம்பத்தால் அறுப்பது இதற்குத்தான். அதிர்ந்த கல்லில் மயிரிழை விரிசல் இருப்பது பலகையாக அறுத்துப் பாலிஷ் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

நிஜ விண்கலங்களில் இதற்கு வழி கண்டு எவ்வளவோ காலமாகிறது. 1940-களிலேயே ஃபிரெட் விப்பிள் என்ற அமெரிக்க வானியலாளர் சொன்ன யோசனை: தடித்த ஒரே சுவருக்குப் பதில் மெல்லிய தகடு ஒன்று, பிறகு வெற்றிடம், அதற்குப் பிறகு சுவர். கல் மெல்லிய தகட்டைத் துளைக்கும்போதே அதிர்ச்சியில் நொறுங்கி, உருகி, மேகம்போல் விரிந்துவிடுகிறது. பின்னால் இருக்கும் சுவர் ஒரு குண்டைத் தாங்குவதில்லை, தூறலைத்தான் தாங்குகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஆய்வகப் பகுதியில் வெளித்தகடு சுமார் 2 மி.மீ. அலுமினியம், இடைவெளி ஒரு சாண்கூட இல்லை, உள்சுவர் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நடுவில் பீங்கான் இழைத் துணியும், கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழைத் துணியும். இவ்வளவுதான் கவசம். 1 செ.மீ. அளவுத் துணுக்கு வரை இதில் அடங்கிவிடும். வெளித்தகடு எவ்வளவு தடிமன் என்பதற்குக் கைக்கணக்கு உண்டு: எதிர்பார்க்கும் கல்லின் விட்டத்தில் கால் பங்கு. இடைவெளி விட்டத்தைப்போல 30 மடங்கு இருந்தால் நல்லது. தகடு இதைவிட மெலிந்தால் கல் முழுசாக உடையாது. தடித்தால் தகட்டின் துணுக்குகளே புதுக் கற்களாகிப் பின்சுவரைத் தாக்கும்.

இந்தக் கவசத்துக்கு ஒரு வினோதமான குறை உண்டு, கதைக்கு நன்றாகப் பயன்படும். ஒரு வேக எல்லைக்குள், வேகமாக வரும் கல்லைவிட மெதுவாக வரும் கல் இதற்கு ஆபத்து. நொடிக்கு 7 கி.மீ.க்கு மேல் வந்தால் கல் உருகி ஆவியாகிறது. 3 கி.மீ. அளவில் வந்தால் உடையாமல் தகட்டைத் துளைத்து, துப்பாக்கித் தோட்டாபோல முழுசாகப் பின்சுவரில் இறங்குகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் கப்பல் ஒரு கோளைச் சுற்றி மெதுவாக வரும்போது "இனிமேல் கல்லுக்குப் பயமில்லை" என்று பொறியாளர் சொல்கிறாரே, அந்த வசனத்தை அப்படியே திருப்பிப் போடலாம்.

இன்னொன்று, படத்தில் கப்பலின் வெப்பம் வெளியேற்றும் தகடுகளை ஓவியர் கருடன் சிறகு மாதிரி முன்னோக்கி விரித்துக் காட்டியிருக்கிறார். அழகுதான், ஆனால் கல் பட அதுவே வசதியான இடம். 2022 டிசம்பரில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்.எஸ்.-22 என்ற ரஷ்யக் கலத்தில் ஆட்கள் இருக்கும் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெப்பம் வெளியேற்றும் ரேடியேட்டர் குழாயில் 1 மி.மீ.கூட இல்லாத ஓட்டை விழுந்து குளிர்விப்பு நீர்மம் முழுக்கப் பீய்ச்சிக்கொண்டு போய்விட்டது. அதில் வந்தவர்கள் பூமிக்குத் திரும்ப, வேறொரு கலத்தை ஆளில்லாமல் அனுப்ப வேண்டியதாயிற்று. சிறகுகளைப் பயணத் திசைக்கு விளிம்பு காட்டுகிற மாதிரி திருப்பி, குழாய்களைத் தனித்தனிப் பகுதிகளாக வால்வு வைத்துப் பிரித்துவிட்டால் ஓர் ஓட்டைக்கு ஒரு பகுதிதான் போகும்.

அடுத்து அந்த ரேடார் காட்சி. 10,000 கி.மீ.யில் கல் தெரிகிறது, கேப்டன் "இடப்பக்கம் திருப்பு" என்கிறார். கல் வந்துசேர 0.33 நொடிதான் இருக்கிறது. 'இட' என்று சொல்லி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். கம்ப்யூட்டரே திருப்பினாலும் 100 மீட்டர் ஒதுங்க, புவியீர்ப்பைப்போல 180 மடங்குக்கு மேல் முடுக்கம் வேண்டும். உள்ளே இருப்பவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிப்போவார்கள். இன்னும் தூரத்திலேயே பார்த்துவிடலாமே என்றால், ரேடார் எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க 16 மடங்கு சக்தி வேண்டும்.

லேசரால் சுட்டதும் கல் 'மறைந்தது' என்று எழுதியிருக்கிறார். ஆவியானாலும் அந்த 5 கிராமும் அதே வேகத்தில் வந்துகொண்டுதான் இருக்கும். லேசரால் ஆகக்கூடியது பரப்பிவிடுவது மட்டுமே. ஆவி நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் விரிகிறது என்று வைத்தால், 10,000 கி.மீ.யில் சுட்ட கல் கப்பலை அடையும்போது 330 மீட்டர் ஆரத்துக்கு விரிந்திருக்கும். பத்தில் ஒரு பங்கு கூடக் கப்பல் மேல் படாது. படுவதும் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ டி.என்.டி. கணக்கில் பரவலாக விழும். வெளித்தகடு கருகும், ஆள் பிழைப்பார். அதே கல்லை 100 கி.மீ.யில் சுட்டால் விரிவது 3 மீட்டர்தான், சுட்டும் சுடாததும் ஒன்றே.

இதே வேகக் கணக்கில் முறையாகத் திட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் கோளிடைச் சங்கம் 1973 முதல் 1978 வரை வரைந்த 'டீடலஸ்' ஒளி வேகத்தில் 12 சதவீதத்தில் போக வேண்டிய ஆளில்லாக் கலம். அதன் முகப்பில் வைத்தது 7 மி.மீ. தடிமனில் பெரிலியம் என்ற லேசான உலோகத் தகடு, சுமார் 50 டன். 2 மீட்டர் எஃகு எங்கே, 7 மி.மீ. எங்கே! பெரிய துகள்களுக்கு இன்னொரு ஏற்பாடு செய்தார்கள்: கலத்துக்கு 200 கி.மீ. முன்னால் நுண்தூள் மேகம் ஒன்றைப் பரப்பிக் கூடவே கூட்டிப்போவது. வெற்றிடத்தில் இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை என்பதால் மேகமும் கலத்தோடு வரும். விப்பிளின் மெல்லிய தகட்டையே 200 கி.மீ. முன்னால் கொண்டுபோய் வைத்த மாதிரிதான். என்ஜின் எரியாமல் மிதந்து போகும்போது மட்டும் இது வேலை செய்யும். வேகம் கூட்டினால் கப்பலே தன் மேகத்துக்குள் புகுந்து தாண்டிவிடும். வேகம் குறைத்தால் மேகம் விட்டுவிட்டு முன்னால் போய்விடும்.

மின்காந்தத் திரையைப் பற்றி ஒரு வரி போதும்: மின்னூட்டம் இல்லாத கல்லை அது தொடவே தொடாது. எதிரே வரும் ஹைட்ரஜன் அணுக்களை முதலில் புற ஊதா லேசரால் அயனியாக்கி, அதாவது மின்னூட்டம் பெறவைத்துவிட்டு, அப்புறம் திரையை வைத்தால் அணுக்களை விலக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கேள்வி. வேகத்தைக் குறைக்கக் கப்பல் பின்பக்கமாகத் திரும்பப்போவதாக அடுத்த வார முன்னோட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன பென்சில் கப்பலாக இருந்தால், 1 கி.மீ. நீளம் என்று வைத்தாலும், திரும்பும் நேரத்தில் அதன் பக்கவாட்டு முழுக்க எதிர்த்திசைக்கு முகம் காட்டும். முகப்பைவிட 60 மடங்குக்கு மேல் பரப்பு. திரும்பி முடித்தபிறகு முன்னால் நிற்பது என்ஜினின் வாய். அதை மூடவும் முடியாது. புகை கக்கும் வாயைச் சுற்றி வளையமாகத் தகடு வைத்திருக்கிறாரா, மாற்று என்ஜின் இருக்கிறதா, திருப்பம் எத்தனை நிமிடம் என்பதைக் கதாசிரியரிடம் கேட்டு அடுத்த அத்தியாயத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.