கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்று, கயல்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி கடுமையாகச் சூடேறிய காலத்தில் காடுகளுக்கு என்ன ஆனது என்று டிசம்பரில் கோவையில் கல்லூரி மாணவர்கள் முன் நீ பேசப்போகும் உரை கிடைத்தது. அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். முக்கால் பங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கடைசிப் பக்கத்தோடுதான் ஒத்துப்போக முடியவில்லை. போனில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல முடியாது, அதனால் கடிதம்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து பிக்ஹார்ன் படுகையைப் பற்றி நீ எழுதியிருப்பது கண்முன் விரிகிறது. இன்று மரமே இல்லாத வறண்ட மண் குன்றுகள். அவற்றை வெட்டி, களிமண் பாறையைத் தகடு தகடாகப் பிளந்தால் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இலைகள், நரம்பு கலையாமல். எடுத்த இலைகளை நீங்கள் டாய்லெட் பேப்பரில் சுற்றி மூட்டை கட்டுவதையும் உரையில் சேர்த்துக்கொள். மாணவர்கள் அதை மறக்க மாட்டார்கள். தொல்தாவரவியலாளர் ஸ்காட் விங் அந்த வெப்பக் காலத்தின் இலைகளை அங்கே ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்ததையும் விட்டுவிடாதே.

இலை விளிம்பைப் பார்த்து வெப்பநிலையைக் கணிக்கும் பகுதியை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல். 1915-இல் தாவரவியலாளர்கள் பெய்லியும் சின்னாட்டும் எழுதியது இன்றும் கைகொடுக்கிறது: குளிர் நாட்டு மரங்களில் ரம்பப்பல் விளிம்பு அதிகம், வெப்ப நாட்டு மரங்களில் வழவழப்பான விளிம்பு அதிகம். மா, பலா, ஆல், புங்கன் என்று நம் ஊர் இலைகளையே கையில் கொடுத்துப் பார்க்கச் சொல். ஆனால் யாராவது ஒருவர் எழுந்து, "வேப்பிலையில் பல் இருக்கிறதே?" என்று கேட்பார். தனி மரத்தை வைத்துச் சொல்வதில்லை, ஒரு காட்டில் எத்தனை வகை மரங்களுக்கு வழவழப்பான விளிம்பு என்ற விகிதத்தை வைத்துத்தான் சொல்கிறோம் என்று பதிலை ஆயத்தமாக வைத்துக்கொள். ஆற்றங்கரை மரங்களில் பல் விளிம்பு கூடுதல், அதனால் கணக்கு உண்மையைவிடக் குளிராகக் காட்டக்கூடும் என்று நீயே எச்சரித்திருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடாதே. உன் மற்ற வார்த்தைகளை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூச்சி அரித்த இலைகளைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போது காட்டிலாகா வேலை நினைவு வந்துவிட்டது. துளை, ஓரக் கடி, இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டிய புழுவின் தடம் என்று காட்டில் தினமும் பார்த்தவை கல்லிலும் அப்படியே இருக்கின்றன. புதைபடிவ ஆய்வாளர் எலன் குரானோவின் குழு சுமார் 5,000 புதைபடிவ இலைகளை ஆராய்ந்ததில், வெப்பம் உச்சத்தில் இருந்த காலத்து இலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை கடிபட்டிருந்தன. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு இல்லை. கரியமில வாயு கூடினால் இலையில் சத்து குறையலாம், அப்போது பூச்சி வயிறு நிறைய இன்னும் அதிகமாகத் தின்ன வேண்டும் என்ற விளக்கமும் பொருத்தமாகத்தான் படுகிறது.

இனி அந்தக் கடைசிப் பக்கம். வெப்பம் ஏறியதும் மெட்டாசெக்கோயா போன்ற ஊசியிலை மரங்கள் படுகையை விட்டு மறைந்தன. தெற்கிலிருந்து அவரைக் குடும்பத்து மரங்கள், நம் புளிக்கும் கொன்றைக்கும் உறவானவை, வந்து நிறைந்தன. பிறகு வெப்பம் தணிந்தது, பழைய மரங்கள் திரும்பி வந்தன. இதுவரை சரி. அதன் பின்னால், "ஆகவே காடு எதையும் தாங்கும், நம்பிக்கையோடு இருப்போம்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது அம்மா?

அந்த மரங்கள் இடம்பெயர எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள். திரும்பி வர ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். அன்று காற்றில் சேர்ந்த கார்பன் ஆண்டுக்கு 110 கோடி டன்னுக்கும் குறைவு என்று ஒரு கணக்கு சொல்கிறது. இன்று நாம் சேர்ப்பது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். அதைவிடப் பெரிய வேறுபாடு, அன்று வழி திறந்திருந்தது. விதை விழுந்த இடத்தில் வயலோ நெடுஞ்சாலையோ வேலியோ இல்லை.

நம் நீலகிரியை நினைத்துப் பார். இங்குள்ள சதுப்பில் தாவரங்கள் மட்கிப் படிந்த கரிச் சேற்றை ஆராய்ந்து, பனியுகத்தின் வறண்ட காலத்தில் புல் ஓங்கியதையும், பருவமழை வலுத்தபோது சோலை எனும் மலைக்காட்டின் பக்கம் தராசு சாய்ந்ததையும் சூழலியலாளர் சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993-இல் எழுதினார்கள். அன்று புல்லுக்கும் சோலைக்கும் முன்னும் பின்னும் நகர இடம் இருந்தது. இன்று சோலையின் ஓரத்தில் தேயிலை, அதை அடுத்து வெளிநாட்டிலிருந்து வந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), அதற்கப்பால் ரிசார்ட். மேலே ஏறலாம் என்றால் 2,637 மீட்டரில் தொட்டபெட்டா முடிந்துவிடுகிறது. குளிரை நம்பி வாழும் ஒரு சோலை மரம் அதற்கு மேல் எங்கே போகும்?

கொலம்பியாவின் மழைக்காடுகளில் அதே வெப்பக் காலத்தில் தாவர வகைகள் கூடின என்பதை நீ மேற்கோள் காட்டியிருக்கிறாய். உண்மைதான், மகரந்தப் படிவங்கள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் அங்கே மழை குறையவில்லை, காட்டை வெட்டவும் ஆள் இல்லை. அந்த இரண்டையும் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொன்னால், நாளைக்கு ஒரு சோலையை அழிக்க வருகிறவர் உன் வாக்கியத்தையே சாட்சிக்குக் கூப்பிடுவார். உன் பெயர் அப்படிப் பயன்படுவதை என்னால் தாங்க முடியாது.

மாணவர்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தாவரங்கள் நகரும், காலமும் வழியும் கொடுத்தால் என்று சொல். காலத்தைக் கொடுப்பது உலகத்தின் கையில் இருக்கிறது. வழியைக் கொடுப்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் கைக்கும் எட்டும்: சீகையை அகற்றிய சரிவில் சோலைக் கன்று நடுவது, இரண்டு துண்டுச் சோலைகளுக்கு நடுவே நிலத்தை விட்டுவைப்பது. எங்கள் காலத்தில் நட்ட கன்றுகளில் பிழைத்தவையும் உண்டு, பட்டுப்போனவையும் உண்டு. இரண்டின் படங்களும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், தம்பியை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறேன்.

வரும்போது பல் விளிம்பு இலைப்படிவம் ஒன்றின் அச்சு வார்ப்பு கிடைத்தால் கொண்டு வா. அசலைத் தொட வேண்டாம், அது அந்த நாட்டுச் சொத்து. அம்மா உனக்குக் கம்பளிச் சட்டை பின்னி முடித்துவிட்டாள், அளவு சரியாக இருக்குமா என்று கவலைப்படுகிறாள். திருத்திய உரையை அனுப்பு.

அன்புடன்,
அப்பா