மூச்சொலி பிழையன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மரபு வாத்தியங்களைக் கொண்டு சூழலிசை அமைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஷாகுஹாச்சிக் குழலின் பதிவிலிருந்து காற்றிரைச்சலை நீக்கிவிட்டு, எஞ்சிய சுரத்துக்குக் கணினியில் எதிரொலியை ஏற்றினால் போதும் என்று அதில் கூறப்பட்டிருந்த யோசனை எனக்கு உடன்பாடில்லை.

மூங்கிலின் வேர்ப்பகுதியிலிருந்து செய்யப்படும் ஷாகுஹாச்சி, ஐந்தே துளைகள் கொண்டது. வழக்கமான அளவு ஏறக்குறைய 54 செ.மீ. வாசிப்பவர் மோவாயைச் சற்றுத் தாழ்த்தினாலே சுரம் இறங்கி, அதன் நிறமும் மங்குகிறது. காற்றை வேண்டுமென்றே சிதறவிட்டு ஊதும் 'முரைகி' முறைக்கோ இரைச்சல்தான் உயிர். ஜப்பானியத் தந்தி வாத்தியமான பிவாவிலும் அப்படியே; அகன்ற மீட்டுகட்டை தந்தியோடு வாத்தியத்தின் உடலையும் சேர்த்தே அறைகிறது, தந்தி உரசி எழும் ரீங்காரத்துக்கு 'ஸவரி' என்று தனிப்பெயரே உண்டு. தம்புராவில் ரீங்காரம் எழத் தந்திக்கு அடியில் நூல் செருகி ஜீவாளி பிடிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் 125ஆம் ஆண்டுக்காக ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தகெமித்சு எழுதி, 1967 நவம்பரில் சேய்ஜி ஒசாவா நடத்த அரங்கேறிய 'நவம்பர் ஸ்டெப்ஸ்' என்ற படைப்பைக் கேட்டவர்கள், கின்ஷி த்சுருத்தாவின் பிவாவும் கட்சுயா யோகோயாமாவின் ஷாகுஹாச்சியும் வாத்தியக்குழு ஓய்ந்திருக்கும் வேளையில் நெடுநேரம் தனித்து உரையாடுவதை மறந்திருக்க மாட்டார்கள். மேற்கத்திய இசையோடு அவ்வாத்தியங்களைக் கரைத்துவிடத் தகெமித்சு முயலவில்லை. ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையே வரும் மௌனத்தை ஜப்பானியர் 'மா' என்பர். அதுவும் இசையின் பகுதியே. கட்டுரையாளர் சொல்வதுபோல் எதிரொலியை அள்ளிக் கொட்டினால் முதலில் மூழ்குவது அந்த இடைவெளிதான்.

கணினியே கூடாது என்பதல்ல என் வாதம். நானும் கீபோர்டில் ஷாகுஹாச்சி ஒலியை வாசித்துப் பார்த்தவனே. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் அதே மூச்சு, அதே நடுக்கம் திரும்பத் திரும்ப வருவதை மூன்றாம் முறையிலேயே காது கண்டுகொள்கிறது. ஒரே சுரத்துக்குப் பல பதிவுகளை மாற்றி மாற்றிக் கையாளுவதும், சுர இறக்கத்தைக் கணினித் திரையில் கையாலேயே வரைவதும் ஓரளவு உதவும்.

இத்தொடர் நீளுமானால், மென்பொருள்களின் விலைப்பட்டியலைக் குறைத்துக்கொண்டு, இவ்வாத்தியங்களை வாசிக்கும் கலைஞர் ஒருவரின் நேர்காணலை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை.